மூக்கர் வீட்டு மகரந்தம்

தேன் வாங்குகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழத்தோட்டங்களுக்கு நடுவே குடியிருந்தவர்கள் மட்டும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூக்கர் வீட்டுக்குப் போவார்கள். அவர் மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஒரு இழுப்பு. "பாதி தேன், மீதி சர்க்கரைப் பாகு. வித்தவன் உங்களுக்குச் சொந்தக்காரனா?" என்பார். பெரும்பாலும் சொந்தக்காரனாகத்தான் இருக்கும். அவர் மூக்கால் முறிந்த உறவுகள் நாலைந்தாவது தேறும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஏதாவது விண்ணப்பம் நிரப்பும்போது அவர் மனைவிக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. மூக்கும் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் பெரிய மூக்கில்லை. ஆனால் தேனீப் பெட்டியைத் திறக்காமல், அதன் வாசலில் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, உள்ளே ராணி செத்துக் கிடக்கிறதா, எலி புகுந்திருக்கிறதா, தேன் புளித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஏதாவது தப்பாக இருந்தால் அவருடைய இடது புருவம் ஒரு நூல் மேலே ஏறும். வாய் சொல்வதற்கு முன்னால் புருவம் சொல்லிவிடும். மனைவி முப்பது வருஷமாக அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் தொழில் செய்தாள். அடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்குவது, பெட்டியைச் சுரண்டுவது, புகை போடுவது, மகரந்தம் காயவைப்பது என்று முக்கால்வாசி வேலை அவளுடையது. பேர் மட்டும் மூக்குக்கு.

பிள்ளைகள் ரெண்டும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டன. வீட்டில் இவர்கள் இருவர். வீட்டுக்குப் பின்னால், கல்சுவரை ஒட்டி வரிசையாக நாற்பத்தொரு பெட்டிகள். "நம்ம பிள்ளைங்க" என்று அவர்கள் பேச்சில் வந்தால், அது பெட்டிக்குள் இருக்கிற புழுக்களைத்தான் குறிக்கும். ஊரில் இருக்கிற பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

அந்த வருஷம் பூத்த நேரத்தில் எல்லாம் மழை. பூ நனைந்தால் மகரந்தம் கரைந்துபோகும், தேனீயும் வெளியே வராது. வழக்கமாகப் பெட்டி வாசலில் சல்லடைத் தகடு மாட்டி, உள்ளே நுழைகிற தேனீயின் காலிலிருந்து உதிர்கிற மகரந்தத்தில் ஒரு பங்கு எடுத்துக் காயவைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு ஜாடியாவது நிறையும். இந்தத் தடவை ரெண்டு ஜாடியோடு சரி.

தேனீ வீட்டில் தேன் பெரியவர்களுக்கு, மகரந்தம் குழந்தைகளுக்கு. பெரிய தேனீ தேனைக் குடித்துக்கொண்டு எப்படியோ காலம் தள்ளிவிடும். புழுவுக்கு அப்படி முடியாது. செவிலித் தேனீ மகரந்தத்தைத் தின்று, அதைத் தன் உடம்பில் பாலாக்கி, புழுவின் வாயில் ஊட்டவேண்டும். குளிர் முடிகிற சமயத்தில் ராணி முட்டையிட ஆரம்பித்துவிடும். பூக்கள் கண் திறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் மகரந்தம் இல்லையென்றால் பால் இல்லை. பால் இல்லையென்றால், தேனீக்கள் தாங்கள் வளர்த்த புழுவைத் தாங்களே தின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் மகரந்த ஜாடியைக் காலியாக விடமாட்டார்கள்.

அதனால்தான் மூக்கர் ஒரு நாள் வாடகை வண்டியில் அரை ட்ரம் மகரந்தத்தோடு வந்து இறங்கியபோது மனைவி கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஓடிப்போய்ப் பிடித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பெட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் தொழிலை விட்டுவிட்டாராம். கொட்டகையைக் காலி செய்கிறார்களாம்.

மகரந்தத்தைச் சர்க்கரைப் பாகு விட்டுப் பிசைந்து, வில்லைகளாகத் தட்டி, மெழுகுத்தாளில் வைத்து, பெட்டிக்குள் சட்டங்களின் தலையில் வைக்கவேண்டும். அவள் சமையல்கட்டு மேஜையில் பெரிய பாத்திரத்தை வைத்து முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே தூறல். ட்ரம்மின் மூடியைத் திறந்ததும் அவள் கை நின்றது.

"என்னங்க, இதுல என்னமோ ஒரு மாதிரி வாடை வருது."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியல. தச்சுப் பட்டறைல வஜ்ரம் காய்ச்சுவாங்களே, அந்தப் பசை ஆறினப்புறம் ஒரு வாடை வருமே, அது மாதிரி."

அவர் எழுந்து வந்தார். தோள் வரைக்கும் ட்ரம்முக்குள் குனிந்து, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். அவள் புருவத்தைப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"பழசு. ரெண்டு வருஷ மகரந்தம் கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். ஒண்ணும் இல்ல, பிசை."

"அந்தப் பெரியவரோட பெட்டியெல்லாம் எதனால செத்துச்சாம்?"

"குளிர். பட்டினி. வயசானவரு, பார்த்துக்க ஆளில்ல."

"அவரே சொன்னாரா?"

"அவரு எங்க இருக்காரு சொல்ல? பொண்ணு வீட்டோட போயாச்சு. மருமகன்தான் எல்லாத்தையும் காலி பண்றான். பெட்டியை உடைச்சு விறகாக்கிட்டான். இதையும் குப்பைல கொட்டப் போனான், நான்தான் குறுக்க விழுந்து வாங்கிட்டு வந்தேன்."

"குப்பைக்குப் போறதையா நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்?"

"அவனுக்கு இதோட அருமை என்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பாகை ஊற்றினாள். மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல், இடையிடையே கத்திரிப்பூ நிறம் என்று வகைவகையான பூவின் தூள் அவள் விரல்களுக்கு நடுவே ஒன்றாகக் குழைந்தது. மாலைக்குள் நூறு வில்லை தட்டியிருப்பாள். பிசைந்த கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். படுக்கும்போதும் விரலில் அந்த வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்தான் மோந்து பார்த்துவிட்டாரே என்று தூங்கிப்போனாள்.

மறுநாள் அவளுடைய தம்பி வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு வீடு. போன வருஷம்தான் பதினாறு பெட்டியோடு தொழில் தொடங்கியிருந்தான். பெண்டாட்டிக்கு அப்போது மூன்றாவது மாதம். அவனிடமும் மகரந்தம் இல்லை.

"எடுத்துட்டுப் போடா," என்று மூக்கர் முப்பது வில்லைகளை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். கொடுக்கிற இடத்தில் அவர் என்றைக்கும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

"மாமா மோந்து பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"அப்புறம் என்ன, அமிர்தம்தான்," என்று அவன் வாங்கிக்கொண்டு போனான்.

*

ஆறு வாரம் பெட்டியைத் திறக்கிற மாதிரி வெயில் வரவில்லை. வாசலில் தேனீக்கள் போவதும் வருவதும் குறைவாகத்தான் இருந்தன. குளிர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் பனி விலகி, சுவரில் வெயில் அடித்தது. இருவரும் முகவலையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

முதல் ரெண்டு பெட்டியும் சுமார். மூன்றாவது பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அழுகல் வாடை அவள் முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பி, ஒரு மூச்சு வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு, நடுச்சட்டத்தை எடுத்தாள். புழு வளர்கிற குஞ்சு அறைகளின் மெழுகு மூடிகள் சமமாக, உலர்ந்து இருக்கவேண்டும். இவை ஈரமாக, எண்ணெய் தடவினாற்போல, உள்வாங்கிக் கிடந்தன. நடுநடுவே கோணலான ஓட்டைகள். அவள் பையிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்து, ஒரு அறைக்குள் விட்டுச் சுழற்றி, மெதுவாக வெளியே இழுத்தாள். உள்ளே புழு இல்லை. காப்பி நிறத்தில் ஒரு பசை, குச்சியோடு நூலாக, விரல் நீளத்துக்கு வந்தது.

"குளிர்ல செத்த குஞ்சு," என்றார் மூக்கர்.

"குளிர்ல செத்தது இப்படி நூலா வராதுங்க. அறுந்துடும். இது இழுக்க இழுக்க வருது."

"நாலு நாள் வெயில் அடிச்சா அதுங்களே சுத்தம் பண்ணிடும்."

"மோந்து பாருங்க."

சட்டத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வலையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடி, பழைய மாதிரியே நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார். கை நீளத்துக்கு அப்பால் இருந்த அவளுக்கே அந்த நாற்றம் தாங்கவில்லை. அவர் புருவம் அசையவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வாடை ஒண்ணும் பெருசா இல்லையே," என்றார்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சட்டத்தை உள்ளே வைத்து மூடினாள். மீதிப் பெட்டிகளையும் திறந்தாள். நாற்பத்தொன்றில் இருபத்தாறில் குச்சியில் நூல் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் சட்டங்களின் தலையில் வில்லை வைத்த மெழுகுத்தாள் மட்டும் மீதி இருந்தது. ஒரு துணுக்கு விடாமல் தின்று, பாலாக்கி, புழுக்களுக்கு ஊட்டியிருந்தன.

சமையல்கட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்புல என்ன இருக்கு, சொல்லுங்க."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் மூக்கை லேசாக உறிஞ்சினார். "உருளைக்கிழங்கு. நல்லா மணக்குதே."

அவள் மூடியைத் தூக்கினாள். வெறும் வெந்நீர்.

அவர் கையில் இருந்த பூட்ஸ் அப்படியே நின்றது.

"எப்போருந்து?" என்றாள்.

"என்ன எப்போருந்து?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. மூக்கு எப்போருந்து இல்ல?"

பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டு, "போன வருஷக் காய்ச்சல்லேருந்து," என்றார்.

எட்டு மாதம். ஒரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பால் பொங்கி அடுப்பெல்லாம் தீய்ந்தது. பேப்பரில் கண் வைத்தால் வீடு எரிந்தாலும் தெரியாது என்று அவரைத் திட்டினாளே. தினம் காலையில் சமையல்கட்டுக்குள் நுழையும்போதே "இன்னைக்கு என்ன?" என்று கேட்டுவைத்துக்கொள்வாரே. எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றது.

"ஏன் சொல்லல?"

"சளின்னு நினைச்சேன் முதல்ல. ஒரு வாரத்துல போயிடும், ரெண்டு வாரத்துல போயிடும்னு பார்த்தேன். தினமும் நீ எழுந்து போனதும் உன் தலையணையை எடுத்து மோந்து பார்ப்பேன். முப்பது வருஷமாத் தெரிஞ்ச வாசனையாச்சே, திரும்பி வந்தா அதுதான் முதல்ல வரும்னு. வரல."

அதைக் கேட்டும் அவளுக்குக் கோபம் போகவில்லை.

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்றது? ஊரே மூக்கர்ங்குது. மூக்கு போச்சுன்னா மீதி என்ன இருக்கு என்கிட்ட?"

"எனக்கு இருக்குல்ல மூக்கு! அன்னைக்கே சொன்னேன்ல, வஜ்ரம் மாதிரி வாடைன்னு?"

"சொன்ன."

"நீங்க பொய்யா மோந்து பார்த்தீங்க."

"ஆமா." அவர் தலையைத் தூக்கவில்லை. "நீ ஒரு தடவை சொன்ன. ரெண்டாவது தடவையும் சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னவோ."

"உங்க புருவம் ஏறலைங்க. அதனாலதான் நான் பிசைஞ்சேன்."

"என்ன புருவம்?"

அவருக்கு அப்படி ஒரு புருவம் இருப்பதே தெரியாது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் பொய் சொன்னார், சரி. அவள் மூக்கு அவளுக்கு உண்மையைத்தானே சொன்னது? அதைத் தூக்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவர் புருவத்தைப் பார்த்து, இந்தக் கையால்தானே பிசைந்தாள்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர்களோ அதைப் பாகு ஊற்றிப் பிசைந்து, தட்டி, மெழுகுத்தாளில் பொதிந்தே வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் தம்பியின் ஞாபகம் வந்தது.

"முப்பது வில்லை குடுத்தேன்," என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் அடுக்கிக் குடுத்தேன்."

"காலைல போய்ச் சொல்லிடலாம்."

"சொல்லலாம். ட்ரம் சரியில்லன்னு மட்டும் சொல்லிடலாமே. மூக்கு விஷயம் வேண்டாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

*

தம்பி வீட்டு வாசலில் பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. பெண்டாட்டி, இப்போது நாலரை மாதம், முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள். யாரும் தொடவில்லை. மூக்கர் டீ கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தம்பி, அந்த ட்ரம்மு மகரந்தம் நல்ல மகரந்தம் இல்லடா. நோய் இருந்திருக்கு. எங்க பெட்டி இருபத்தாறுல குஞ்சு அழுகிப்போச்சு. உன் பெட்டியையும் உடனே திறந்து பார்க்கணும்."

தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி தரையைப் பார்த்தாள்.

"மாமா," என்றான் அவன். "நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"என்னடா?"

"நான் அதை வைக்கவே இல்ல."

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னத்த வைக்கல?"

"வில்லையைத்தான். கொண்டு வந்து இங்க மேஜை மேல வெச்சேன். இவ வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தா. செத்த வாடை அடிக்குது, இது வீட்டுக்குள்ள இருந்தா நான் இருக்க மாட்டேன்னா. மசக்கைக்காரி, பத்து வீடு தள்ளி வெங்காயம் வதக்கினாலும் இவளுக்குக் குமட்டும், அதான்னு நான் சொன்னேன். இவ விடல. பிள்ளைங்களுக்கு இதை ஊட்டாதன்னு பெட்டிக்கு முன்னால போய் நின்னுக்கிட்டா. சரின்னு கொட்டகைல, பெயின்ட் டப்பாக்குப் பின்னால வெச்சுட்டேன். இருந்த பழைய மகரந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெச்சு ஓட்டினேன்."

"நான் ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டேனேடா," என்றார் மூக்கர். "பிள்ளைங்க தின்னுச்சான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க. கடிச்சு முழுங்கிடுச்சு மாமான்னு சொன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?" அக்காவின் குரல் உயர்ந்துவிட்டது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எடுத்துப் போட்டிருப்போமேடா! அன்னைக்குப் பாதிப் பெட்டிக்குத்தான் வெச்சிருந்தோம்!"

"எப்படிக்கா சொல்றது? மாமா மோந்து பார்த்துக் குடுத்ததை, நல்லா இல்லன்னு நான் சொல்றதா? எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக் குடுத்ததே அவரு. எதுக்கு அவர் மனசைக் கஷ்டப்படுத்தணும்னு..."

அவன் முடிக்கவில்லை. தம்பியின் பெட்டிகள் பிழைத்துவிட்டன என்று அக்காவுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதே சமயம் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் உண்மைதான், இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன. நாலு பேரில் இரண்டு பேருக்கு வாடை தெரிந்திருக்கிறது. ஒருத்தி வாந்தியே எடுத்திருக்கிறாள். ஆனாலும் செத்துப்போன ஒரு மூக்குக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மூக்கர் கோப்பையைக் கீழே வைத்தார். "உன் பெண்டாட்டிதான்டா தொழில்காரி," என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "எனக்கு மூக்கு போயி எட்டு மாசம் ஆச்சு. ஒரு வாசனையும் தெரியாது," என்றார்.

தம்பி ஏதோ வேடிக்கையென்று சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தேனீ நோய் வந்தால் சொல்லவேண்டிய அரசாங்க ஆபீசுக்கு மூக்கரே போன் செய்தார்.

*

பெட்டிகளைப் பார்வையிட வந்தவள் சின்னப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நோட்டு. முதல் பெட்டியிலேயே குச்சியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபத்தாறும் எரிக்கவேண்டும், அதில் பேச்சே இல்லை. மண்ணிலும் மெழுகிலும் மரத்திலும் புழுவை அழுகவைக்கிற அந்த நோயின் கிருமி நாற்பது வருஷம்கூடச் சாகாமல் கிடக்கும்.

"மீதிப் பதினஞ்சு?" என்று மனைவி கேட்டாள்.

"அதுல இன்னும் எதுவும் தெரியல. எல்லாம் ஒரே மகரந்தத்தைத் தின்னிருக்கு. ஒரு மாசம் வெச்சுப் பார்க்க அரசாங்கச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா பலவீனமான பெட்டியில மத்த தேனீங்க தேன் திருட வரும், திருடிட்டு நோயையும் கொண்டு போயிடும். உங்க தம்பியோட பெட்டி அரை கிலோமீட்டர்ல இருக்கு. நீங்களே பேசி முடிவு சொல்லுங்க."

மூக்கர் மனைவியைப் பார்த்தார். "நீ போய் மோந்து பார்த்துச் சொல்லு," என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது முதல் தடவை.

அவள் பதினைந்து பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முகவலையைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். கன்னத்தில் ரெண்டு கொட்டு விழுந்தது, அதைக்கூடத் துடைக்கவில்லை. பதினொன்றில் அடியோட்டமாக, மெலிதாக, அந்தப் பசை வாடை இருந்தது. நாலில் இல்லை. மெழுகும் தேனும் சூடான தேனீ உடம்பும் மட்டும் மணந்தன. ஒரு பெட்டியில் ராணி சட்டத்தின் குறுக்கே நடந்து போனதையும் பார்த்தாள். அந்த ராணியை அவள்தான் போன வருஷம் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து விட்டாள்.

திரும்பி வந்தாள்.

"நாலு சுத்தமா இருக்கு," என்றாள்.

மூக்கர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அந்த நாலையாவது..."

"வேண்டாங்க."

"நீதானே சுத்தமா இருக்குன்ன?"

"என் மூக்குக்குச் சுத்தமா இருக்கு. மூக்கை நம்பினது போதும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதும் பிள்ளைங்கதான். எல்லாத்தையும் எரிச்சுடுங்க மேடம்."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

தம்பியும் மூக்கரும் இரண்டு நாள் குழி வெட்டினார்கள். பொழுது சாய்ந்து எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு வாசல்களைக் களிமண் வைத்து அடைத்து, உள்ளே பெட்ரோல் ஊற்றினார்கள். நாற்பத்தொரு பெட்டிகளின் இரைச்சலும் ஒரு கணம் உயர்ந்து, பிறகு அடங்கியது. தம்பி அந்த முப்பது வில்லைகளையும் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து குழியில் போட்டான். நெருப்பு வைத்தவர் மூக்கர். மெழுகு பிடித்ததும் தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது.

புகை அவர் பக்கமே அடித்தது. அவர் நகரவில்லை.

"எப்படி இருக்கு, சொல்லு," என்றார் மனைவியிடம்.

ஒன்றும் இல்லை, வெறும் புகை என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். இனிமேல் இந்த வீட்டில் அப்படிப்பட்ட இரக்கம் வேண்டாம் என்று தோன்றியது.

"முதல்ல மரம். அப்புறம் மெழுகு. இப்ப தேன் காயுது, சர்க்கரை தீயற மாதிரி. ரொம்ப நல்லா இருக்குங்க. தோட்டத்துல பூத்த எல்லாம் மொத்தமா வர மாதிரி இருக்கு."

"நாத்தம்?"

"இருக்கு. அடியில அதுவும் இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணில் வழிந்ததைப் புகை என்று யாரும் சொல்லவில்லை.

*

மறுநாள் நல்ல வெயில். ஒரே நாளில் வேலியோரத்துப் புதர்கள் மஞ்சளாக வெடித்திருந்தன. அந்த வருஷத்தின் முதல் பூ.

குழி மூடியாகிவிட்டது. சுவரோரம் பெட்டிகள் இருந்த இடத்தில் அடிக்கற்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அவள் கையில் டீயோடு கொல்லைக் கதவைத் திறந்தபோது காதுக்குப் பழக்கமான சத்தம் ஒன்று கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் குளிரில் திரும்ப முடியாமல் வெளியிலேயே எங்கோ ஒண்டியிருந்த தேனீக்கள். முப்பது நாற்பது இருக்கும். வெயில் ஏறியதும் விழித்து, பூவுக்குப் போய்விட்டு, இப்போது வீடு தேடி வந்திருந்தன. பெட்டி வாசல் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், வெறும் காற்றில், முன்னும் பின்னுமாகப் பறந்தன. களைத்துப்போய் ஒவ்வொன்றாகக் கல்லில் இறங்கின. ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் பருப்பு அளவு மஞ்சள் உருண்டை.

மூக்கர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாருக்குடி கொண்டு வந்திருக்கு இதுங்க?"

"பிள்ளைங்களுக்கு."

தப்பிய தேனீயை விட்டுவைக்கக் கூடாது, மத்தியானத்துக்குள் ஓடை தாண்டித் தம்பி பெட்டிக்குள் நுழைந்துவிடும் என்று ஆபீசிலிருந்து வந்த பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனைவி உள்ளே போய் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து கல்லருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். முதல் தேனீயைச் சிறகோடு பிடித்தாள். அது கொட்டக்கூட இல்லை. மெதுவாகத் தண்ணீருக்குள் அழுத்தினாள். காலில் இருந்த உருண்டைகள் கழன்று, தட்டின் அடியில் போய்த் தங்கின.

இரண்டாவதைப் பிடித்தபோது உருண்டை ஒன்று அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நல்ல மகரந்தங்க," என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கண் இன்னும் நன்றாகத்தான் தெரியும்.

"அந்த மூணாவது கல்லுல ஒண்ணு இருக்கு பாரு," என்று கையை நீட்டிக் காட்டினார்.